ஆறு மணிக் குல்லாய்க்காரன்

அத்தியாயம் 4

கல்யாணமாகி இரண்டே மாதமான ஒருவன் வந்து, தன் மனைவியைத் தினமும் சந்திக்கும் ஆளைக் கண்டுபிடித்துத் தரும்படி கேட்டால், துப்பறிகிறவர் முதலில் அவனுக்கு ஒரு காபி கொடுக்க வேண்டும். சடகோபனிடம் அன்று பால் தீர்ந்துபோயிருந்தது. ஆகவே நாற்காலி மட்டும் கொடுத்தார்.

ஹோம்புஷ் ஸ்டேஷனுக்கு எதிரே, முடிதிருத்தும் கடையின் மாடியில் இருந்தது அவருடைய ஆபீஸ். 1976 ஆகஸ்ட் மாதம், வியாழக்கிழமை மத்தியானம். வெளியே குளிர்காற்று ஜன்னலைத் தட்டிக்கொண்டிருந்தது.

சடகோபன் பதினெட்டு வருஷம் ரயில்வேயில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். நிறைந்த பெட்டியில் டிக்கெட் இல்லாதவன் யார் என்று கதவருகே நின்றபடியே சொல்லிவிடுவார். நர்ஸாக இருந்த மனைவி பத்மாவுக்கு சிட்னியில் வேலை கிடைக்க, அவள் புருஷன் என்ற ஒரே தகுதியில் இந்த நாட்டுக்குள் நுழைந்தார். தான் பத்மாவின் புருஷன்தான் என்று இமிக்ரேஷன்காரர்களிடம் நிரூபிக்க அவருக்கு ஏழு மாதம் பிடித்தது. அந்த இலாகாவின் மேல் அவருக்கு ஒரு கோபம் அப்போதிருந்தே உண்டு.

உதவியாளர் யோகா. யாழ்ப்பாணத்துப் பெண், வயது இருபத்தெட்டு. டைப் அடிப்பாள், ஃபைல் பார்ப்பாள், கேட்காமலேயே அபிப்பிராயம் சொல்வாள்.

வந்தவன் பெயர் பாஸ்கர். ஆபர்ன் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களுக்குப் படம் வரைகிறவன். மனைவி வேதவல்லி விசிட்டர் விசாவில் வந்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, நிரந்தரக் குடியிருப்புக்கு விண்ணப்பித்திருந்தாள். அதற்கு இலாகாவிடமிருந்து வந்த பதிலைத்தான் அவன் கையில் கசக்கிப் பிடித்திருந்தான். அதில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருந்தன. ஒன்று, கணவனும் மனைவியும் சேர்ந்து வாழவில்லை. இரண்டு, லிட்கமில் தங்கியிருக்கும் மனைவி தினமும் மாலை ஆறு மணிக்கு இனம் தெரியாத ஓர் ஆணைச் சந்திக்கிறாள். நாளை காலை பத்து மணி விசாரணையில் இரண்டுக்கும் திருப்தியான பதில் சொல்லாவிட்டால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும். விசா ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்கே அவள் விமானம் ஏற வேண்டும்.

"முதலாவது உண்மையோ?" என்றாள் யோகா.

"உண்மைதான்" என்றான் பாஸ்கர். "ஆடி மாசம் இல்லையா?"

சடகோபன் தலையில் கை வைத்துக்கொண்டார். புதிதாகக் கல்யாணமானவர்களை ஆடி மாதத்தில் பிரித்து வைப்பது அவர் அறியாததல்ல. ஆடியில் சேர்ந்தால் சித்திரையில் பிள்ளை பிறக்கும், கத்திரி வெயிலில் தாயும் பிள்ளையும் வாடிப்போவார்கள் என்பது கணக்கு. கும்பகோணத்திலிருந்து பாஸ்கரின் அம்மா இதை நினைவுபடுத்தி மூன்று நீலக் கடிதம் போட்டிருந்தாள். லிட்கமில் இருந்த வேதவல்லியின் சித்தி மீனாம்பாள், ஆடி பிறந்த அன்று காலையிலேயே வந்து பெண்ணை அழைத்துப்போய்விட்டாள். மீனாம்பாள் எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. பார்க்கவும் கூடாது, போனில் பேசவும் கூடாது என்று சொல்லிவிட்டாள். எல்லாம் குரலில்தான் ஆரம்பிக்கும் என்பது அவள் கட்சி.

அப்படியிருக்கும்போது ஆடி பத்தாம் தேதி வீட்டைப் பார்வையிட அதிகாரி ஹிக்கின்ஸ் வந்தார். ஒரு தலையணை, ஒரு பல் துலக்கும் பிரஷ், ஒரு ஜோடி செருப்பு. சண்டையா என்று கேட்டார். இல்லை, புதிதாகக் கல்யாணமானவர்கள், அதனால்தான் தனித்தனியாக இருக்கிறோம் என்று பாஸ்கர் உண்மையைச் சொன்னான். அதிகாரி அதை எழுதிக்கொண்டு, கீழே இரண்டு கோடு போட்டார்.

ஆறு மணி ஆளைப் பற்றி மனைவியையே கேட்டால் என்ன என்றார் சடகோபன்.

"சித்தி போனைக் குடுக்கமாட்டா சார். குடுத்தாலும் எப்படிக் கேப்பேன்? கேட்டாலே நான் சந்தேகப்பட்டேன்னு ஆயிடும்."

"சந்தேகப்படறீங்களா?"

பாஸ்கர் தன் ஷூவைப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது.

பிறகு மூவரும் பாஸ்கரின் ஃப்ளாட்டுக்கு நடந்தார்கள். ஐந்து நிமிஷ தூரம். சடகோபன் நேரே சமையலறைக்குப் போனார். மனிதன் ஹாலில் பொய் சொல்வான், சமையலறையில் முடியாது என்பது அவர் கண்டுபிடிப்பு. பாஸ்கரின் சமையலறையில் ஒரு ரொட்டி, அரை பாட்டில் ஜாம், மேற்படி ஜாம் ஒட்டிய ஒரே கத்தி. அடுப்பைப் பற்றவைத்து நாளாகியிருந்தது. ஆனால் தொட்டியின் பக்கத்தில் மூன்றடுக்கு டிபன் கேரியர் ஒன்று கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது.

சடகோபன் அதைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். பிடிக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருந்தது. மீனாம்பாள், 5-2-51.

"இது லிட்கம் கேரியர். இங்கே எப்படி வந்தது?"

தினமும் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் சாப்பாட்டோடு கதவுக் குமிழில் தொங்கும் என்றான் பாஸ்கர். காலியை அவன் காலையில் கழுவி, வேலைக்குப் போகும்போது குமிழில் மாட்டிவிட்டுப் போவான், சாயங்காலம் வேறொன்று இருக்கும். இன்று லீவு என்பதால் இன்னும் மாட்டவில்லை. சித்தப்பா சேஷாத்ரிதான் ரயிலில் வரும்போது வைத்துவிட்டுப் போகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தான். சித்தியின் சட்டத்துக்குப் பயந்து அவர் கதவைத் தட்டுவதில்லை போலிருக்கிறது என்றும் அவனே காரணம் கற்பித்திருந்தான்.

யோகா போனை எடுத்து லிட்கமுக்குச் சுழற்றினாள். சேஷாத்ரி அங்கிளோடு கதைக்க வேணும் என்றாள். அந்தப் பக்கம் மீனாம்பாள் சொன்னதைக் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தாள்.

"அங்கிள் ஒரு மாசமா மெல்பர்ன்ல வேலையாம். அந்த வீட்டில இப்ப ஆம்பிளையே இல்லையாம்."

பாஸ்கர் முகம் வெளிறிவிட்டது. இத்தனை நாளும் அவன் சாப்பிட்டது யார் கையால் வந்தது?

"ஆறு மணிக்கு லிட்கமில் ஓர் ஆள். ஏழு மணிக்கு இங்கே கேரியர்" என்று சடகோபன் கேரியரைக் குமிழில் மாட்டிவிட்டு வெளியே வந்தார். "இரண்டும் ஒரே ரயிலில்தான் வருது. இன்னிக்குச் சாயங்காலம் அவனோட நாமும் போவோம். நீங்க கதவைச் சாத்திட்டு உள்ளேயே இருங்க."

மாலை ஐந்தே முக்காலுக்கு, யாரோ எடுத்துப்போயிருந்த அந்தக் காலிக் கேரியரை நினைத்துக்கொண்டே, சடகோபனும் யோகாவும் லிட்கமில் மீனாம்பாள் வீட்டுத் தெருமுனை பஸ் நிறுத்தத்தில் நின்றார்கள். தான் கண்ணை மூடித் திறப்பதற்குள் அது குமிழிலிருந்து போய்விட்டதாகப் பாஸ்கர் ஆபீஸுக்குப் போன் செய்து சொல்லியிருந்தான். இருட்டிவிட்டிருந்தது. எதிர் வீட்டு ஜன்னல் திரை இரண்டு அங்குலம் விலகி, யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சேர், நாங்கள் ரெண்டு பேரும் இஞ்ச நிக்கிறதப் பாத்து எங்களப் பற்றியும் ஆரோ இலாகாவுக்குக் கடிதம் போடப் போகினம்" என்றாள் யோகா.

சரியாக ஆறு மணிக்கு அவன் வந்தான். நீண்ட கோட்டு, கழுத்தைச் சுற்றி மஃப்ளர், தலை முதல் தாடை வரை பழுப்பு நிறக் குரங்குக் குல்லாய். கண்ணும் மூக்கு நுனியும்தான் தெரிந்தன. கையில் கேரியர்.

சடகோபன் தொடையைத் தட்டிக்கொண்டார். "நம்ம ஊர்க்காரன்தான். வெள்ளைக்காரன் விறைச்சே போனாலும் இதைத் தலையில போடமாட்டான்."

வேதவல்லி வெளியே வந்தாள். ஒரு டம்ளர் காபி கொடுத்தாள். அவன் குடித்தான். காலிக் கேரியரை வாங்கிக்கொண்டு நிறைந்த கேரியரைக் கொடுத்தாள். ஒரு பேச்சும் இல்லை. உள்ளே போய்விட்டாள்.

"காதலனுக்குக் குடுக்கிற முகமில்ல அது" என்று யோகா முணுமுணுத்தாள். "தபால் கந்தோரில பார்சல் குடுக்கிற முகம்."

குல்லாய்க்காரன் லிட்கம் ஸ்டேஷனில் ரயில் ஏறினான். இவர்கள் அடுத்த பெட்டியில் ஏறினார்கள். இரண்டாவது ஸ்டேஷன் ஹோம்புஷ். இறங்கியவர்கள் வாசலில் இருந்த சிப்பந்தியிடம் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். குல்லாய்க்காரன் மட்டும் கோட்டின் உள்பையிலிருந்து எதையோ எடுத்துக் காட்டினான். சிப்பந்தி தலையாட்டினார். சடகோபன் படியிலேயே நின்றுவிட்டார்.

"பாஸ்!"

"என்ன பாஸ்?"

"இலவசப் பாஸ். பதினெட்டு வருஷம் பார்த்திருக்கேன், அதைக் காட்டுற கையே தனியா இருக்கும். தப்புப் பண்ணப் போறவன் ஒழுங்கா டிக்கெட் வாங்கிட்டுப் போவான். பாஸ் காட்டுறவன் சம்பளம் வாங்கிட்டுப் போறான். யோகா, இவன் அரசாங்க ஆளு."

அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே குல்லாய்க்காரன் பாஸ்கர் வீட்டு மாடியேறி, கேரியரைக் குமிழில் மாட்டி, சத்தமில்லாமல் இறங்கினான். ஓடிவிடவில்லை. தெருவைக் கடந்து எதிர்ச்சாரி விளக்குக் கம்பத்தின் கீழ் நின்று, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து எழுத ஆரம்பித்தான்.

சடகோபன் பின்னால் போய் அவன் தோளைத் தொட்டார். பழக்க தோஷத்தில் அவர் வாயில் வந்தது "டிக்கெட் ப்ளீஸ்" என்பதுதான்.

அவன் துள்ளித் திரும்பினான். பதற்றத்தில் குல்லாயைக் கழற்றினான். உள்ளே வழுக்கைத் தலை, நீலக் கண், குளிரில் சிவந்த மூக்கு.

"சேர், உங்கட ஊர்க்காரர் நல்ல வெள்ளையா இருக்கிறார்" என்றாள் யோகா.

அவன் நீட்டிய அட்டையில் இமிக்ரேஷன் இலாகாவின் முத்திரை இருந்தது. பெயர் டாயில். வெளிக்களக் கண்காணிப்பாளர்.

டாயில் சொன்ன கதையை அவர்கள் அந்தக் குளிரிலேயே நின்று கேட்டார்கள். கணவனும் மனைவியும் உண்மையில் பிரிந்துதான் வாழ்கிறார்களா என்று பார்க்க இலாகாவின் இரண்டாவது மாடி அவரை அனுப்பியிருந்தது. ஆறு மணிக்கு லிட்கம், ஏழு மணிக்கு ஹோம்புஷ். வந்த மூன்றாம் நாளே அந்தப் பெண் அவர் நின்ற மரத்தடிக்குக் காபியோடு வந்துவிட்டாள். வீட்டு வாசலில் ஒருவர் குளிரில் நிற்கும்போது தனக்குக் காபி தொண்டையில் இறங்கவில்லை என்றாள். ஐந்தாம் நாள் அவர் தும்மியதும் சித்தப்பாவின் குல்லாயைக் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்து எங்கே போகிறீர்கள் என்று கேட்டாள். அவர் வாய் தவறி ஹோம்புஷ் என்றார். அன்றிலிருந்து, புருஷன் வீட்டுக் குமிழில் மாட்டச் சொல்லிக் கேரியர். மறுநாள் வரும் வழியில் அவர் காலியை எடுத்துக்கொள்வார். அவர் யாரென்று அவள் ஒருநாளும் கேட்கவில்லை. காபியைக் குடித்துவிட்டபின் மாட்டேன் என்று சொல்லவும் அவரால் முடியவில்லை.

எதிர் வீட்டு அம்மாள் போட்ட கடிதம் நான்காவது மாடியில் ஹிக்கின்ஸிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. போன கிறிஸ்துமஸ் விருந்தில் வந்த சண்டைக்குப் பிறகு இரண்டாவது மாடியும் நான்காவது மாடியும் பேசிக்கொள்வதில்லையாம். ஆக, இலாகா தேடிக்கொண்டிருந்த அந்த இனம் தெரியாத ஆண், இலாகாவேதான்.

நாளைக்கு வந்து இதைச் சொல்லிவிடுங்கள் என்றார் சடகோபன். டாயில் பின்வாங்கினார். கண்காணிக்கப்படுகிறவர் வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடித்தாலும் வேலை போய்விடும். பென்ஷனுக்கு இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள் என்று இரண்டு தரம் சொன்னார். குல்லாயை மறுபடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சடகோபனுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இலாகாவின் நான்காவது மாடியில் எல்லோரும் இருந்தார்கள். மீனாம்பாளும் வந்திருந்தாள். ஆடி இன்னும் முடியவில்லை என்பதால் பாஸ்கருக்கும் வேதவல்லிக்கும் நடுவே உட்கார்ந்து, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதபடி கைப்பையை நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டாள்.

சடகோபன் உண்மையைச் சொல்லிப் பார்த்தார். ஹிக்கின்ஸ் சிரித்தார். எங்கள் கண்காணிப்பாளரா? சமையல் பாத்திரம் சுமந்தாரா? டாயிலைக் கூப்பிட்டனுப்பினார். டாயில் கதவோரம் வந்து நின்றார். குல்லாய் இல்லாமல் இருட்டில் இரண்டே நாள் பார்த்திருந்த வேதவல்லிக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. இருவரும் தனித்தனி வீட்டில்தான் இருக்கிறார்களா என்று ஹிக்கின்ஸ் கேட்டார். ஆம் என்றார் டாயில். வேறு எதுவும் சொல்லவில்லை.

மனைவி சமைத்ததைத்தான் தினமும் சாப்பிடுகிறேன் என்று பாஸ்கர் சாதித்தான். சரி, பரீட்சித்துவிடுவோம் என்று ஹிக்கின்ஸ் இருவரையும் தனித்தனி அறைக்கு அழைத்துப்போய் ஒரே கேள்வியைக் கேட்டார். செவ்வாய்க்கிழமை ராத்திரி என்ன சாப்பாடு?

திரும்பி வந்தபோது அவர் முகத்தில் வெற்றி தெரிந்தது. சாதம் ஒத்துப்போகிறது, தக்காளி ரசம் ஒத்துப்போகிறது, உருளைக்கிழங்கு கறி ஒத்துப்போகிறது. ஆனால் மனைவி ஐந்து வடை வைத்ததாகச் சொல்கிறாள். கணவன் மூன்று வடை சாப்பிட்டதாகச் சொல்கிறான். சொல்லிக்கொடுத்த பாடத்தில்தான் இப்படிக் கணக்கு உதைக்கும் என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார்.

"அஞ்சுதான்" என்றாள் வேதவல்லி. "என் கையால எண்ணி வச்சேன்."

"மூணுதான் இருந்தது" என்றான் பாஸ்கர்.

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"நான் எப்போ அப்படிச் சொன்னேன்?"

கைப்பைக்கு மேலாக நடந்த இந்தச் சண்டையை மீனாம்பாளால் தடுக்க முடியவில்லை. இனி இவர்கள் உண்மையான புருசன் பெஞ்சாதி என்பதற்கு வேறு என்ன சாட்சி வேண்டும் என்று யோகா சடகோபனின் காதில் கேட்டாள். ஆனால் ஹிக்கின்ஸுக்குத் தமிழ் தெரியாது. அவர் பேனா காகிதத்தில் இறங்கிவிட்டது.

வேதவல்லி அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல், மூக்கை உறிஞ்சக்கூடக் கூச்சப்பட்டுக்கொண்டு அழுதாள்.

கதவோரத்தில் டாயிலின் காது இரண்டும் சிவந்திருந்தன. அவர் தொண்டையைச் செருமினார்.

"மற்ற இரண்டையும் நான் சாப்பிட்டேன், சார்."

பேனா நின்றது. ஃப்ளெமிங்டனுக்கும் ஹோம்புஷுக்கும் நடுவில் என்று டாயில் இடத்தையும் சொன்னார். வடை இருந்த நாளெல்லாம் இரண்டு. ஒருநாள் மூன்று, அன்றைக்கு மழை. முப்பது வருஷமாக அடுத்தவர் வீட்டு வாசலில் நிற்கிறேன், பொய்க் கல்யாணங்கள் எத்தனையோ பார்த்துவிட்டேன், பொய்ப் புருஷனுக்கு யாரும் இப்படிச் சமைத்து அனுப்பமாட்டார்கள் என்றார். கைக்குட்டையைத் தேடினார். அவர் பென்ஷனை நினைத்திருக்க வேண்டும்.

ஹிக்கின்ஸ் வெகு நேரம் கூரையைப் பார்த்தார். இதை ஃபைலில் எழுதினால், விண்ணப்பதாரியின் கள்ளக் காதலன் இந்த இலாகாதான் என்று எழுத வேண்டும். கடைசியில் எதிர் வீட்டு அம்மாளின் கடிதத்தை எடுத்து மேஜை டிராயரில் போட்டுப் பூட்டினார். இரண்டாவது மாடியோடு தனக்குப் பேச்சு வார்த்தை இல்லாததால் டாயில் விஷயத்தை அவர்களிடம் சொல்ல வழியில்லை என்றும் தெரிவித்தார். டாயில் கைக்குட்டையால் வழுக்கையைத் துடைத்துக்கொண்டார்.

இன்னும் ஒரே சந்தேகம் என்றார் ஹிக்கின்ஸ். எதற்காக இந்தப் பிரிவு? சடகோபன் விளக்கினார். சித்திரை, அதாவது ஏப்ரல் கடைசி. அந்த வெயிலில் பிள்ளை பிறந்தால் கஷ்டம்.

ஏப்ரலில் இங்கே குளிர ஆரம்பித்துவிடுமே என்றார் ஹிக்கின்ஸ்.

சடகோபன் யோகாவைப் பார்த்தார். யோகா பாஸ்கரைப் பார்த்தாள். பாஸ்கர் விரல் விட்டு எண்ணினான், எண்ணி முடித்ததும் அவன் முகம் போன போக்கைப் பார்க்கச் சகிக்கவில்லை. நாலு வாரம், ஒரு வீட்டு அடுப்பு, ஒரு இலாகாவின் இரண்டு மாடி, ஒரு வழுக்கைத் தலை. இவ்வளவையும் ஆட்டிவைத்த வெயில் இந்த ஊரிலேயே கிடையாது என்பது அதுவரை ஒருவருக்கும் தோன்றவில்லை.

மீனாம்பாள் மட்டும் அசரவில்லை. "வெயில் இங்கே இல்லைன்னா என்ன? மாமியார் இருக்கற ஊர்ல இருக்கோல்லியோ?" என்றாள்.

ஹிக்கின்ஸ் முத்திரையைக் கையில் எடுத்தார். முத்திரை விழும் நாளில் இருவரும் ஒரே விலாசத்தில் இருக்க வேண்டும், இது சட்டம் என்றார். இன்று போனால் இன்று முத்திரை. ஆடி முடிந்துதான் போவாள் என்றால், ஞாயிற்றுக்கிழமை விமானம். யோகா அதை மொழிபெயர்த்தாள். எல்லோரும் மீனாம்பாளைப் பார்த்தார்கள்.

மீனாம்பாள் கைப்பையை மூடினாள். "கவர்மெண்ட் உத்தரவுன்னா ஆடியாவது ஆவணியாவது. கும்பகோணத்துக்கு நான் எழுதிக்கறேன். நீ அவனோட கிளம்புடி."

முத்திரை விழுந்த சத்தத்தில் டாயில்தான் முதலில் கைதட்டினார்.

வேதவல்லி எழுந்து நேரே பாஸ்கரிடம் வந்தாள். நாலு வாரம் கழித்து முதல் தடவையாக இருவரும் ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்தார்கள். சடகோபனைக் கண்ணால் காட்டி, இவரை எதற்குக் கூட்டிவந்தீர்கள் என்று கேட்டாள். பாஸ்கர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"சந்தேகப்பட்டேன், வேதா. ஒரே ஒரு நாள்."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் கேரியர் அனுப்பின நாளெல்லாம் சந்தேகப்பட்டேன்" என்றாள். "தினம் காலிக் கேரியர் மட்டும் கழுவி வரும். நன்னா இருந்ததுன்னு ஒரு துண்டுக் காகிதம் வராதான்னு அடுக்கு அடுக்கா பிரிச்சுப் பார்ப்பேன்."

பாஸ்கர் ஹிக்கின்ஸின் மேஜையிலிருந்து ஓர் அரசாங்கப் படிவத்தை உருவி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். ஹிக்கின்ஸ் ஆட்சேபிக்க வாயெடுத்தார், யோகா முறைத்ததும் மூடிக்கொண்டார். பாஸ்கர் இரண்டு பக்கமும் எழுதினான். படம் வரைகிறவன் என்பதால் எழுத்து அழகாக இருந்தது.

வேதவல்லி நின்றபடியே படித்தாள். நாலாக மடித்தாள். புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு, அவன் கையைப் பிடித்து லிஃப்டை நோக்கி நடந்தாள். நிரந்தரக் குடியிருப்பு முத்திரை விழுந்த காகிதம் மேஜையிலேயே கிடந்தது. யோகா அதை எடுத்துக்கொண்டு நான்கு மாடிப் படியும் ஓடி இறங்க வேண்டியிருந்தது.